பிள்ளைகள் கட்டும் ஊர்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேசும்படி செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "பிள்ளைகளின்ட சுகாதாரம் பற்றி ஏதாவது சொல்லுங்களேன் டொக்டர்" என்றார். பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியர் என்றால் போசாக்கு, தடுப்பூசி, டெங்கு, இவற்றில் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வேறு ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பிள்ளைகள் கதை வாசிப்பதும், தங்கள் மனதுக்குள் இல்லாத ஊர்களையும் இல்லாத பிராணிகளையும் உண்டாக்குவதும்தான் என் விடயம். இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

என் மகள் ஐந்தாம் தரத்தில் படித்த காலம். எங்கள் வீடுகளில் ஐந்தாம் தரம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைக்கு மட்டும் நடப்பதில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடக்கிறது, பக்கத்து வீட்டாருக்கும் நடக்கிறது. ஒருநாள் அவளுடைய கணிதக் கொப்பிக்கு அடியில் வேறொரு கொப்பி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் வரைபடம். நடுவில் ஒரு தீவு, அதைச் சுற்றி வாவி, கரையெல்லாம் கண்டல் மரங்கள். பெயர் 'தும்பியூர்'. அங்கே தபால் கொண்டுவருவது நீர்க்காகங்கள். நீர்க்காகம் முங்கி எழும்புவதால் கடிதமெல்லாம் நனைந்துவிடும் என்று, அந்த ஊரில் கடிதங்களைக் கல்லில் எழுதுவார்களாம். கடைசிப் பக்கத்தில் ஊரின் சட்டங்கள் இருந்தன. முதலாவது சட்டம் இதுதான்: 'இந்த ஊரில் யாரும் யாரையும் ஏன் புள்ளி குறைஞ்சது என்று கேட்கக் கூடாது.'

அந்த வரியை வாசித்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. "பரீட்சை முடியட்டும் மகள், பிறகு தாறன்" என்று சொல்லி, கொப்பியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அதனால் நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை வந்தது, போனது. வெட்டுப்புள்ளிக்கு மேலேயே எடுத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக, தூசு தட்டிக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இது இனி வேணாம் அம்மா. அங்க இருந்த ஆக்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து போயிட்டாங்க."

சகோதரிகளே, என் மகள் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவள். இடப்பெயர்வு என்ற சொல்லை எங்கள் வாயிலிருந்துதான் அவள் கேட்டிருப்பாள். அந்தச் சொல்லை அவள் எனக்கே திருப்பிச் சொன்னபோது, எனக்கு என்னுடைய பத்து வயது நினைவுக்கு வந்தது.

1990இல் எனக்குப் பத்து வயது. அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வீட்டை விட்டுப் போய், ஒரு பாடசாலைக் கட்டடத்தில், ஒரே வகுப்பறையில் பல குடும்பங்களோடு நாங்கள் இருந்தோம். மின்சாரம் இல்லை. குப்பி விளக்கு ஒன்றுதான். பகலிலும் வெளியே போகக் கூடாது. நானும் என் மச்சாளும் வாங்குகளுக்குக் கீழே பாயை விரித்து, கல்லடிப் பாலத்துக்குக் கீழே, தண்ணீருக்குள் ஒரு நாடு இருப்பதாகக் கதை கட்டினோம். மேலே பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து நடக்க வேண்டும். கீழே எங்கள் நாட்டில் அட்டை கிடையாது, சோதனை கிடையாது. பாடத் தெரிந்தால் போதும், உள்ளே விடுவார்கள். மீன் பாடும் ஊரில் வேறு என்ன கேட்பார்கள்?

ஒரு இரவு நாங்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்ததை அம்மம்மா கேட்டுவிட்டார். ஏச்சு விழும் என்று பயந்தோம். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டது ஒரே ஒரு கேள்வி:

"அங்க சோறு என்ன கறியோட மனே?"

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது பருப்பும் சோறும் மட்டும்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக நாங்கள் இரண்டு பேரும் அந்த நாட்டில் ஒரு சந்தையைக் கட்டினோம். சந்தைக்குச் சாமான் கொண்டுவரத் தோணிகள் வந்தன. தோணி ஓட்டுவதற்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பெயர் வைத்தோம், சண்டை வைத்தோம், கல்யாணம் வைத்தோம். பல இரவுகள் அப்படியே போயின. எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரிந்த என் அம்மம்மா செய்ததை, பட்டங்களை வாங்கிய நான் என் பிள்ளைக்குச் செய்யவில்லை. அவர் உள்ளே வந்து சாப்பாடு கேட்டார். நான் ஊரையே தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

இனி வைத்தியராகப் பேசுகிறேன்.

ஒரு பிள்ளையின் நாளில் எத்தனை விடயங்களை அந்தப் பிள்ளை தீர்மானிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எழும்பும் நேரம், உடுப்பு, சாப்பாடு, பாடசாலை, ரியூஷன், நித்திரை, எல்லாம் நாங்கள் தீர்மானிப்பவை. நோய், மரணம், அப்பாவின் வெளிநாட்டு வேலை, பெரியவர்களின் சண்டை, இவை யாரிடமும் கேட்காமல் வருபவை. தான் கட்டிய ஊரில் மட்டும்தான் பிள்ளைக்கு ஆட்சி இருக்கிறது. அங்கே பயத்தைத் தன் கைக்கு அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்க்கலாம். பூதத்தை வரச் சொல்லலாம், போகச் சொல்லலாம். அதை மறுபடி மறுபடி செய்து பழகுகிறது பிள்ளை. இது பொய் சொல்வதும் அல்ல, பகல் கனவு கண்டு கெட்டுப்போவதும் அல்ல. கற்பனைத் தோழனோடு பேசும் நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பயந்து வரும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது விளையாட்டு என்பது நன்றாகத் தெரியும். நாங்கள் அதிகம் விசாரித்தால், "அம்மா, அது சும்மாதானே" என்று எங்களையே ஆறுதல்படுத்துவார்கள்.

இலண்டனில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த டொனால்ட் வினிகொட் என்ற வைத்தியர் ஒரு சின்ன விளையாட்டை விட்டுச்சென்றிருக்கிறார். வைத்தியர் கடதாசியில் கண்டபடி ஒரு கோடு கிறுக்குவார். பிள்ளை அதை ஏதாவது ஒன்றாக மாற்ற வேண்டும். பிறகு பிள்ளை கிறுக்கும், வைத்தியர் மாற்றுவார். இவ்வளவுதான். கேள்வி கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, கோட்டை மாற்றும்போது பேசத் தொடங்கிவிடும். நானும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இதைச் செய்து பார்க்கிறேன்.

படுவான்கரையிலிருந்து ஒரு சின்னப் பையனைக் கூட்டிவந்தார்கள். (யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன்.) இரவில் யானை வந்து வீட்டுச் சுவரை உடைத்ததிலிருந்து பிள்ளைக்கு நித்திரை இல்லை, படுக்கையை நனைக்கிறான், பேச்சும் குறைந்துவிட்டது. நான் வளைவாக ஒரு கோடு போட்டேன். அவன் பென்சிலை வாங்கி அதைத் தும்பிக்கையாக்கினான். பிறகு காதுகள், பிறகு கண்கள். கண்ணை மட்டும் திரும்பத் திரும்பக் கீறினான். "ஏன் மகன் இவருக்கு இவ்வளவு பெரிய கண்?" என்று கேட்டேன். "அவருக்கும் இரவில நித்திரை வராது டொக்டர். வெடி போடுறாங்கதானே" என்றான்.

அடுத்த தடவை வந்தபோது அந்த யானைக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்கு அடுத்த தடவை, வெடிச் சத்தம் கேட்காத ஒரு காடு இருந்தது. நான் இதை அற்புதமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு மனநல வைத்தியரின் உதவியும் கிடைத்தது. வீட்டைச் சுற்றி வெளிச்சமும் போட்டார்கள். ஆனால் தன்னைப் பயமுறுத்திய ஒன்றைப் பற்றி அவனால் கதை சொல்ல முடிந்த நாளிலிருந்து, அவனோடு பேசுவது எங்கள் எல்லோருக்கும் இலகுவாகிவிட்டது.

இதையே எங்கள் மண்ணில் பெரிய அளவில் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். மட்டக்களப்பு நகரில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். யுத்தம் பிள்ளைகளின் ஆரோக்கியத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இங்கு வந்தார்கள். அளந்து எழுதிக்கொண்டு போனால் மட்டும் போதாது, பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் அந்தப் பூங்கா. கனடிய ஓவியக் கலைஞர் போல் ஹோகன், எங்கள் இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகம் ஆகியோர் அதை முன்னின்று உருவாக்கினார்கள். ஹோகன் அதற்கு முன்பே ரொறன்ரோவில், உடல் இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்றில் இப்படியொரு தோட்டத்தை உருவாக்கியிருந்தவர்.

வண்ணம் தீட்டிய பஸ் ஒன்று கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் அதுவே ஒரு கற்பனைக் கதைபோல இருந்தது. பிள்ளைகள் களிமண் பிசைந்தார்கள், வர்ணம் பூசினார்கள், வேடம் போட்டார்கள், கதை கட்டி நடித்தார்கள். கூட இருந்து வழிநடத்தியவர்கள் இந்த ஊர் இளைஞர்கள்தான். அவர்களும் அந்த யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். பெற்றோரை இழந்த பிள்ளையைப் பிடித்துவைத்து "என்ன நடந்தது சொல்லு" என்று துருவாமல், களிமண்ணைக் கையில் கொடுத்துக் காத்திருந்தார்கள். பெத்ரீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் இதைப் பற்றி எழுதிய நூலுக்குக் 'கதைகளின் கடல்' என்று பொருள்படும் தலைப்பைக் கொடுத்தார். நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த பஸ்ஸை வீதியில் பார்த்தபோது, 'சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு' என்று நினைத்துக் கடந்துபோனேன். பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த பிறகுதான், எங்கள் வாசலிலேயே ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது என்று விளங்கியது.

இது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்பனை எங்கள் ஊருக்கு இறக்குமதி அல்ல. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி எழும்பிப் புல் தின்று, போர்த்துக்கேயரைத் திகைக்க வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அனுமார் தன் வால் நெருப்பை அணைத்தது மாமாங்கக் குளத்தில்தான் என்று சொல்லித்தான் எங்களைத் தீர்த்தமாடக் கூட்டிப்போனார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழரின் யாழ்களைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலைத் தந்தவர். அதே மனிதர்தான் நிலவொளியில் எங்கள் வாவியிலிருந்து எழும் இசையைக் கேட்டு, அது நீரரமகளிர் பாடுவது என்று கற்பனை செய்து கவிதை எழுதினார். விஞ்ஞானம் படித்தால் கற்பனை போய்விடும், கற்பனை செய்தால் படிப்புக் கெட்டுவிடும் என்று சொல்லும் பெற்றோருக்கு நான் அடிகளாரைத்தான் காட்டுவேன்.

இன்னொருவர், மறைந்த மாஸ்டர் சிவலிங்கம் அவர்கள். அவர் கதை சொல்லிக் கேட்டவர்கள் இங்கே கையை உயர்த்துங்கள். பாருங்கள், எத்தனை கைகள்! ஒரே ஆள்தான் சிங்கமாகவும் முயலாகவும் கிழவியாகவும் மாறுவார். முகமும் குரலும் உடம்பும் சேர்ந்து கதை சொல்லும். அவர் கதை சொன்ன பிறகு நாங்கள் வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொல்வதில்லை. முயலுக்கு ஒரு தங்கச்சியைச் சேர்ப்போம், சிங்கத்துக்குப் பல்வலி கொடுப்போம். சொந்த ஊர் கட்டுவதற்கு முன்பு பிள்ளைக்கு இரவல் ஊர்கள் வேண்டும். எங்களுக்கு அம்புலிமாமா இருந்தது. அட்டை கிழிந்து, பக்கம் குறைந்து, பத்து வீடு சுற்றி வரும். வேதாளம் கேட்ட கேள்விக்குரிய பக்கம் கிழிந்திருந்தால், விடையை நாங்களே உண்டாக்குவோம்.

வாசித்தவர்கள்தான் எழுதுகிறார்கள் என்பதற்கு, ஆங்கில இலக்கியம் படித்த அக்காமாருக்குத் தெரிந்த ஓர் உதாரணம். 1826இல் இங்கிலாந்தின் ஒரு கிராமத்துப் பாதிரியார் தன் மகனுக்குப் பன்னிரண்டு மரப் போர்வீரர்களை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் தாய் இறந்திருந்தார், மூத்த பெண் பிள்ளைகள் இருவரும் இறந்திருந்தார்கள். மிஞ்சிய நான்கு பிள்ளைகளும் அந்தப் பொம்மைகளுக்குப் பெயர் வைத்தார்கள், நாடு கொடுத்தார்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் புத்தகங்களை எழுதித் தைத்தார்கள். ஆங்கிரியா, கொண்டால் என்ற கற்பனை நாடுகள் அப்படித்தான் வளர்ந்தன. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் 'ஜேன் அயர்' எழுதிய ஷார்லட் புரோண்டே. எல்லாப் பிள்ளையும் எழுத்தாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் துக்க வீட்டில் யாரும் அந்தப் பிள்ளைகளின் புத்தகங்களைப் பறித்து அலுமாரிக்கு மேல் வைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? வைத்தியரிடம் வந்தால் சீட்டு எழுதித் தர வேண்டும் அல்லவா? இதோ எழுதுகிறேன்.

முதலாவது, வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்த பிறகும் வாசித்துக் காட்டுங்கள். இரவில் பத்து நிமிடம் போதும். மாஸ்டர் சிவலிங்கம் போல் வராவிட்டாலும் பரவாயில்லை, கிழவிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல் வையுங்கள். பாதியில் நிறுத்தி, "இனி என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் விடை புத்தகத்தில் இல்லாததாக இருந்தால் அது பிழை அல்ல, இன்னொரு கதை.

இரண்டாவது, திருத்தாதீர்கள், கேளுங்கள். "முதலை எப்படிப் பேசும்?" என்று மடக்கினால் கதை நின்றுவிடும். "முதலை என்ன பாஷை பேசும்?" என்று கேட்டால் கதை நடக்கும். அம்மம்மா கேட்டது போல, அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், யார் யார் இருக்கிறார்கள், எதைச் செய்யக் கூடாது என்று கேளுங்கள். சாப்பாடும் சட்டமும் வந்துவிட்டால் ஊர் தானாக வளரும்.

மூன்றாவது, ஒன்றுமே தோன்றவில்லை என்று சொல்லும் பிள்ளைக்கு இரண்டு சொல் கொடுங்கள். இத்தாலியின் சிறுவர் எழுத்தாளர் ஜியானி ரொடாரி சொன்ன வழி இது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைச் சேர்த்தால் அங்கே கதை தொடங்கும் என்பார். தோணி, அலுமாரி. இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். அலுமாரிக்குள் தோணியா? தோணியில் அலுமாரியை ஏற்றிப் போவது யார்? உள்ளே என்ன இருக்கிறது? நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரித்தோட்டத்து வெருளியைப் படித்த பிள்ளையிடம், "தோட்டக்காரன் தோட்டத்தை விற்றுவிட்டால் வெருளி எங்கே போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் அன்றிரவு நல்ல பொழுதாகும்.

நான்காவது, இரண்டு கொப்பிகள். ஒன்று பாடசாலைக் கொப்பி. அதில் எழுத்துப் பிழை, புள்ளி, சிவப்பு மை எல்லாம் இருக்கட்டும். மற்றது கதைக் கொப்பி. அதில் யாரும் திருத்தக் கூடாது, புள்ளி போடக் கூடாது, பிள்ளை அனுமதித்தால் ஒழியத் திறக்கவும் கூடாது. எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை கீறட்டும், வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொடுங்கள். பிள்ளை பேசும் தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்காகக் கட்டுரையைப் பாடமாக்கி எழுதுகிறார்கள். 'எங்கள் வீட்டுப் பசு' என்று எழுதும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் பசு இல்லை. பாடமாக்கிய பசுவைவிட, பிள்ளை தானே உண்டாக்கிய பறக்கும் பசு எழுத்துக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆசிரியைகள் கோபிக்கக் கூடாது.

ஐந்தாவது, தொலைபேசி. அதை முழுக்க விலக்குங்கள் என்று சொல்ல மாட்டேன், என் வீட்டிலேயே அது முடியவில்லை. ஆனால் அதில் வரும் உலகங்கள் எல்லாம் வேறு யாரோ கட்டி முடித்தவை. கடைசிச் செங்கல்லும் வைத்தாகிவிட்டது. பிள்ளைக்கு வைக்க ஒரு செங்கல்லாவது மிஞ்சியிருக்கும் விளையாட்டை நாளுக்கு ஒருதரம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கதை மருந்துக்குப் பதில் அல்ல. பிள்ளை பல வாரங்களாக நித்திரை கொள்ளாவிட்டால், சாப்பிடாவிட்டால், பேச்சு நின்றுபோனால், ஒரே பயங்கரமான காட்சியையே மாற்றமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தால், தன்னைக் காயப்படுத்தினால், வெட்கப்படாமல் வைத்தியரிடம் கூட்டிவாருங்கள். 'ஆக்கள் என்ன நினைப்பாங்க' என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜேர்மன் மொழியிலோ கற்பனை செய்யலாம். முதலில் அதைக் கேளுங்கள், பிறகு தமிழைப் பற்றிக் கவலைப்படலாம். இங்கே இருக்கும் அம்மம்மாவைத் தொலைபேசியின் திரையில் கூப்பிட்டு, அந்த ஊரில் சோறு என்ன கறியோடு என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்வதற்காகவே பிள்ளை நான்கு தமிழ்ச் சொல் தேடும்.

நிறைவாக எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் பாடசாலைக்கு எவ்வளவோ செய்திருக்கிறது. இந்த நூற்றாண்டு நினைவாக இன்னும் ஒரு சிறு காரியம் செய்வோம். ஆரம்பப் பிரிவில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு போடாத ஒரு கதைக் கொப்பி கொடுப்போம். நூலகத்தில் ஒரு மூலையில் நல்ல தமிழ்க் கதைப் புத்தகங்கள், பூட்டில்லாத அலுமாரியில். கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் பழைய மாணவிகள் முறை வைத்து வாரத்தில் ஒரு மணித்தியாலம் வந்து, பிள்ளைகளோடு பாயில் இருந்து கதை கேட்போம். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். முதல் பாய் என்னுடையது. புதன்கிழமை பிற்பகல் எனக்கு ஓய்வு. அதிபர் அவர்கள் அனுமதித்தால் அடுத்த தவணையிலிருந்தே வருகிறேன்.

தும்பியூருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கொப்பியை நான் எறியவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். இரண்டு வருடம் அது அப்படியே கிடந்தது. போன மாதம் என் சின்ன மகன் அதை எடுத்துக்கொண்டு போய், "அக்கா, இந்தக் காகம் ஏன் கல்லைக் கொண்டு போகுது?" என்று கேட்டான். அவள் சும்மா சொல்லத் தொடங்கினாள். பிறகு அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் குசினியில் நின்றேன். உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் வாசலில் நின்று கேட்டேன்:

"அங்க சோறு என்ன கறியோட மகள்?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்க சோறு இல்லம்மா. மூணு நேரமும் பிட்டுத்தான்" என்றாள்.

அந்த ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் இப்போதைக்குக் கொஞ்சப் பேர்தான். நான் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.